கன்னிப்பூ: டீச்சர் சொன்னதும் நான் எழுதியதும்

ஞானபாய் டீச்சர் காலமான செய்தி நம் தோட்ட வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. நான் அப்போதுதான் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டியிருந்தேன். 'நம் அன்புகுரிய ஞானபாய் டீச்சர் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்று யாரோ போட்டிருந்தார்கள். 'அன்புக்குரிய' என்பதில் 'க்' இல்லை. சொல்லவே கூசுகிறது, என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஒற்றுதான். 'ஒற்று விடுபட்டிருக்கிறது, திருத்துக' என்று தட்டவும் தொடங்கிவிட்டேன். பாதியில்தான் எதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து, ஓய்வுபெற்ற பிறகு இந்த எட்டுப் பக்க மாத இதழுக்கு ஆசிரியராகவும் உட்கார்ந்தவனின் புத்தி அப்படித்தான் போகிறது. தட்டியதை அழித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு இரணியலுக்குப் பஸ் ஏறினேன்.

டீச்சர் வீட்டு முற்றத்தில் நம் ஆட்கள் பலர் வந்திருந்தீர்கள். உள்ளே பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டும் விடாமலும் தூறியது. நாற்காலி போதாமல் பாதிப்பேர் மரங்களுக்கு அடியில் நின்றோம். இரண்டு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு சாம்பை. எதற்கும் ஏணி வேண்டாம், கையை நீட்டினால் பழம் எட்டும். என் பக்கத்தில் வட்டக்கோட்டைச் சுயம்புலிங்கம் நின்றார். துபாயில் இருபது வருடம் இருந்து திரும்பிய நம் உறுப்பினர், எல்லோருக்கும் தெரிந்தவர். மெல்லிய குரலில், "நல்ல பொம்பள சார். அந்த மாங்கா காரியத்துல மட்டும் கொஞ்சம் சறுக்கிட்டாவ. ஆனா அதுக்கப்புறம் எத்தனை தடவை வந்து மரத்தப் பாத்தாவ! தப்பு யாருக்கும் வரும்லா?" என்றார்.

நான் "ம்" என்றேன். சவப்பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் சொன்ன சறுக்கல் டீச்சருடையது அல்ல. அது யாருடையது என்பது அந்த முற்றத்தில் எனக்கு மட்டுமே தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், குடையை மடக்கி விரித்துக்கொண்டு நின்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரே அதற்கு வர இப்போதும் கை கூசுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் டீச்சரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலைக்காக இங்கே வந்து, கோட்டாற்றில் வீடு வாங்கி, இங்கேயே தங்கிவிட்டவன். அவர் தையல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சருக்கு என்ன மரியாதை என்று உங்களில் வாத்தியார்களாக இருந்தவர்களுக்குத் தெரியும். பரீட்சை நெருங்கினால் முதலில் பிடுங்கப்படுவது தையல் வகுப்புதான். நானே எத்தனையோ தடவை போய், "டீச்சர், இலக்கணம் பாக்கி இருக்கு" என்று அவர் வகுப்பை வாங்கியிருக்கிறேன். "எடுத்துக்கிடுங்க சாரே, பொத்தான் எங்கயும் ஓடிப் போயிராது" என்பார். தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. அதை வைத்து ஆசிரியர் அறையில் நான் செய்த கேலிகளை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அவரிடம் வேறு ஒரு வித்தை இருந்தது என்று எனக்குத் தெரியவந்தது ஓய்வுக்குப் பிறகு. மகள் ஷீபாவின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தார். முந்தின நாள்தான் நான் கொல்லையில் நின்ற கொய்யாவை, இங்கே வெட்டோத்தி என்பார்களே, அந்த வெட்டுக்கத்தியை எடுத்துக் கண்டபடி வெட்டியிருந்தேன். டீச்சர் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போய் மரத்தின் முன்னால் நின்றார்.

"இத யாரு வெட்டுனா சாரே?"

"நான்தான் டீச்சர்."

"கோவமா இருந்தியளா?"

என் வீட்டுக்காரி அடுக்களையில் இருந்து சிரித்தது வாசல்வரை கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் டீச்சர் கிண்டல் செய்துவிட்டுப் போகிறவர் அல்ல. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பையில் இருந்து தையல் கத்தரியை எடுத்தவர், இது போதாது என்று தலையாட்டி, தெருக்கோடி ஆசாரி வீட்டில் இருந்து ஒரு கைரம்பம் வாங்கிவரச் சொன்னார். அரை மணி நேரத்தில் என் முட்டாள்தனத்தைச் சரிசெய்தார். பத்திரிகை கொடுக்க வந்த மனுஷி!

அன்று அவர் சொன்னவற்றை நான் ஒரு தாளில் குறித்து வைத்தேன். வெட்டுவதற்கு முன்னால் மரத்தை மூன்று முறை சுற்றிவர வேண்டும். முதல் சுற்றில் கையில் கத்தியே இருக்கக் கூடாது. காய்ந்தது எது, நோய் கண்டது எது என்று பார்க்க மட்டும். இரண்டாவது சுற்றில், ஒன்றோடொன்று உரசும் கொப்புகளில் எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவுசெய்ய. மூன்றாவது சுற்றில், உள்நோக்கி வளர்ந்து நடுமரத்தை இருட்டாக்கும் கொப்புகளைப் பார்க்க. "உள்ள வெயில் விழணும் சாரே. ஒரு காக்கா எங்கயும் றெக்க தட்டாம மரத்துக்குள்ள பறந்து வெளிய வரணும்." எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஒரே தடவையில் மரத்தின் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது.

கொப்பு மரத்தில் சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதை ஒட்டி, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். உள்ளே போனால் காயம் ஆறாது, தள்ளி வெட்டினால் முளை மாதிரி நீட்டிக்கொண்டு அழுகும். "தையலுக்கு ஓரத்துல விடுக துணி மாதிரி அது. அதுல கை வைக்கப்பிடாது" என்றார். கனமான கொப்பு என்றால் முதலில் அடியில் ஒரு கீறல், பிறகுதான் மேலே இருந்து அறுப்பது. இல்லாவிட்டால் கொப்பு விழும்போது மரத்தின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். ஒரு மரத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மழை பெய்யும்போது எந்த மரத்தையும் வெட்டக் கூடாது. எலுமிச்சையில் குச்சி மாதிரி நேரே மேலே பாயும் முள்கொப்பு காய்க்காது, கண்டதும் எடுத்துவிடலாம். பலாவுக்குக் காய் அடிமரத்திலேயே வருவதால் காய்ந்ததைத் தவிர எதையும் தொட வேண்டாம். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் நுனியில் ஒரு சாண் எடுத்தால் அடுத்த காய்ப்பு கூடும்.

"மா மட்டும் அப்பிடி இல்ல" என்றார். மாம்பூ, முற்றிய தளிரின் நுனியில்தான் வரும். வெட்டிய இடத்தில் தளிர் வந்து அது முற்ற நாலைந்து மாதம் வேண்டும். அதனால் மாவுக்குக் காலம் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும். அந்தக் காலம் எது என்று அன்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காப்பி வந்துவிட்டது.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் நம் இதழில் 'வீட்டு மரம்' பக்கம் தொடங்கினோம். மாதம் ஒருமுறை டீச்சர் போனில் சொல்வார், நான் எழுதுவேன், அவர் பெயர் போட்டு வரும். எழுதுவேன் என்றால், அவர் சொன்னபடி எழுதுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கொப்பு என்றால் நான் கிளை என்று எழுதுவேன். தொலி என்றால் பட்டை. வெள்ளம் என்றால் நீர். வெட்டோத்தி என்றால் அரிவாள். வெட்டு என்ற நல்ல சொல்லைக்கூட விடவில்லை, கவாத்து என்று ஆக்கினேன். இதழைப் பார்த்துவிட்டு டீச்சர் போன் செய்தார். "சாரே, கவாத்துன்னா போலீஸ்காரங்க மைதானத்துல செய்யதுல்லா? எனக்க மாமரம் லெப்ட் ரைட் போடுமா?" நானும் சிரித்தேன். ஆனால் மாற்றவில்லை. பேச்சு வேறு, அச்சு வேறு டீச்சர் என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்களுக்குத் தெரியாததா" என்றார். உண்மையாகவேதான் சொன்னார், குத்தலே இல்லை.

இனி அந்த மாங்காய்க் காரியம். ஐந்து வருடத்துக்கு முன், ஒரு ஆடி மாதம், மாமரம் பற்றிச் சொல்ல டீச்சர் போன் செய்தார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "காலம் மட்டும் மறக்காம போடுங்க சாரே. கன்னிப்பூ முடிஞ்ச கையோட மாவுல கத்தி வச்சிரணும். அதுக்குப் பொறவு வெட்டப்பிடாது" என்றார்.

நான் குறித்துக்கொண்டேன். பேனாவை மூடும்போது அந்தச் சொல்லை ரசித்தேன் என்பதுதான் கொடுமை. கன்னிப்பூ! கன்னி என்றால் முதல், கன்னிப் பேச்சு, கன்னி முயற்சி என்கிறோமே. ஆக, மாமரத்தின் முதல் பூ. கிராமத்துப் பெண்ணுக்கு எப்படி ஒரு சொல்வளம் என்று மெச்சிக்கொண்டேன். வாசகனுக்குப் புரிய வேண்டுமே என்று, 'முதல் பூ உதிர்ந்து முடிந்ததும் மாமரத்தைக் கவாத்து செய்துவிட வேண்டும்' என்று அழகாக மாற்றினேன். பூவைப் பற்றிய கட்டுரை பூக்கும் காலத்தில்தானே வர வேண்டும்? ஆகவே ஆடியில் தந்ததை அப்படியே எடுத்துவைத்து, தை மாத இதழில் போட்டேன். டீச்சர் நடுவில் ஒருமுறை, "மாமரம் பக்கம் வரல்லியே சாரே?" என்று கேட்டார். "அதற்கு உரிய காலத்தில் வரும் டீச்சர்" என்றேன், ஏதோ பெரிதாகத் திட்டம் வைத்திருப்பவனைப் போல.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கன்னிப்பூ என்றால் என்ன டீச்சர் என்று. தமிழ் வாத்தியார் ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தையல் டீச்சரிடம் பொருள் கேட்பதா? இப்படி வெளிப்படையாக நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்காததற்கு வேறு காரணம் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

தை இதழ் ஒரு சனிக்கிழமை எல்லோர் வீட்டுக்கும் போனது. பதினொரு மணிக்கு டீச்சர் போன்.

"சாரே, இது என்ன எழுதியிருக்கிய? முதல் பூவா? நான் எங்க அப்பிடிச் சொன்னேன்?"

"நீங்கதானே டீச்சர், கன்னிப்பூன்னு..."

"ஐயோ எனக்க தெய்வமே! கன்னிப்பூன்னா நெல்லு சாரே, நெல்லு! கன்னி மாசத்துல அறுக்குகது கன்னிப்பூ, கும்ப மாசத்துல அறுக்குகது கும்பப்பூ. இந்த ஊருல ரெண்டு பூ நெல்லு வெளையும்லா!"

இந்த ஊரில் பூ என்றால் போகம். வெளியூரில் குறுவை, சம்பா என்பதைப் போல இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ. புரட்டாசியைக் கன்னி மாதம் என்பார்கள். அந்த அறுப்பு ஆவணி கடைசியில் தொடங்கிப் புரட்டாசியில் முடியும். அந்த நேரத்தில் மாவை வெட்டினால் தளிர் வந்து முற்றி, தையில் பூக்கும். இதுதான் அவர் சொன்னது. இரண்டு பக்கமும் வயல் பார்த்துக்கொண்டு முப்பது வருடம் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வந்தவன் நான். அந்த வயலில் நிற்பதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளவில்லை. சே, என்ன படிப்பு!

அப்போதாவது ஒப்புக்கொண்டேனா? இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அச்சாபீசில் மாற்றிவிட்டார்கள் டீச்சர். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுகிறேன்."

"அச்சாபீஸ்காரன் பூதப்பாண்டிக்காரன்லா சாரே. அவனுக்க அப்பனுக்கு வயல் உண்டே. அவனுக்குக் கன்னிப்பூ தெரியாமலா?" என்றார். அதற்கு மேல் அவர் துருவவில்லை. "அடுத்த மாசம் போட்டா வெட்டுன கொப்பு திரும்ப ஒட்டுமா? இப்ப மரம் எல்லாம் பூத்து நிக்கிது. இண்ணைக்கே குரூப்புல போடுங்க சாரே, இப்பவே போடுங்க" என்றார்.

போடுகிறேன் என்றேன். போனைக் கையில் எடுத்து எழுதினேன். 'ஓர் அன்பான வேண்டுகோள்' என்று தொடங்கினேன், அழித்தேன். 'அச்சுப்பிழை காரணமாக' என்று எழுதினேன், அச்சாபீஸ்காரரும் குழுவில் இருக்கிறாரே என்று அழித்தேன். 'என் அறியாமையால்' என்று ஒருமுறை எழுதினேன். என் பழைய மாணவர்கள் எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அதையும் அழித்தேன். இரண்டு நாளில் யார் மரத்தை வெட்டிவிடப்போகிறார்கள், திங்கட்கிழமை நிதானமாக நல்ல தமிழில் எழுதலாம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சனி போனது, ஞாயிறும் போனது.

திங்கட்கிழமை காலையில் சுயம்புலிங்கம் குழுவில் ஒரு படம் போட்டார். அவர் வீட்டுச் செங்கவருக்கை மாமரம், கைகளை வெட்டிய உடம்பு மாதிரி நின்றது. கீழே பூவும் கடுகளவு பிஞ்சுமாகக் குவியல். துபாயில் இருக்கும்போது வீடு கட்டி, வாசலில் வைத்த மரம் அது. லீவுக்கு வரும்போதெல்லாம் காயில்லாத மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்த வருடம், மரம் முதல் தடவையாக நிறைந்து பூத்தது. அந்த மரத்தை, நம் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் விட்டு வெட்டியிருக்கிறார். 'டீச்சர் சொன்னபடி செய்தாச்சு, சரிதானா?' என்று கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் மரம் தெரிந்தவர்கள் வந்து விழுந்தார்கள். பூத்த மரத்தை எவனாவது வெட்டுவானா, யார் சொன்னது, இந்த டீச்சருக்கு என்ன தெரியும், தையல் டீச்சர்தானே. கடைசியாக ஒருவர் கேட்டது நான் பள்ளியில் பேசிப் பரப்பிய பேச்சு.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு டீச்சர் எழுதினார்: 'தப்பு நடந்துட்டு. எல்லாரும் மன்னிக்கணும். வேற யாரும் மரத்தை வெட்டாண்டாம். வெட்டினவிய எனக்கு போன் செய்யுங்க, நான் வந்து பாக்கேன்.' யார் செய்த தப்பு என்று அவர் எழுதவில்லை. எழுதாததால் எல்லோரும் அவருடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கீழே நான் கும்பிடும் கைப்படம் ஒன்றைப் போட்டேன். ஒரு சொல்கூட எழுதாமல், இரண்டு கை. ஐந்து வருடமாக அந்தப் படத்தை நான் யாருக்கும் போடுவதில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் இரணியலில் இருந்து நாகர்கோவில், அங்கிருந்து வட்டக்கோட்டை என்று இரண்டு பஸ் மாறி, முட்டிவலியோடு சுயம்புலிங்கத்தின் வீட்டுக்குப் போய்வந்தார். வெயில் பட்டுத் தோல் வெடிக்காமல் இருக்க வெட்டிய கைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு வெட்டிலும் கொத்துக்கொத்தாகத் தளிர் கிளம்பியபோது, வெளிப்பக்கம் பார்த்த இரண்டை நிறுத்திவிட்டு மற்றதைக் கிள்ளினார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க சாரே. மரம் எப்பிடி இருக்குன்னு பாக்கண்டாமா?" மறுக்க முடியாமல் போனேன். டீச்சர் முக்காலியில் ஏறித் தளிர் கிள்ள, நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுயம்புலிங்கத்தின் வீட்டம்மா எனக்கு மட்டும் டீ கொண்டுவந்தார். "வாத்தியாரு குடிங்க" என்றவர், டீச்சரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இனி என்ன கிள்ளி என்னத்துக்கு? தெரியாதத தெரியும்னு சொல்லப்பிடாது" என்றார். டீச்சர் மேலே இருந்தபடியே, "ஆமா பிள்ளே, நீ சொல்லுகது சரிதான். ரெண்டு வருசம் பொறுத்துக்க" என்றார். நான் டீயைக் குடித்தேன். குடித்தேன், அதுதான் உண்மை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். ஏதாவது பேச வேண்டுமே என்று, மரம் பிழைத்துவிடும்போல இருக்கிறது டீச்சர் என்றேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க அங்க வச்சு சொல்லுவியன்னு நெனச்சேன் சாரே" என்றார். கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது.

அடுத்த வாரம், "அந்தப் பக்கத்த வேற ஆளுக்குக் குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தை நானே எழுதினேன், அவர் முன்பு சொன்ன குறிப்புகளை வைத்து, என் பெயர் போட்டு. திருத்தம் அடுத்த இதழிலும் வரவில்லை, அதற்கடுத்த இதழிலும் வரவில்லை. இரண்டாம் வருடம் சுயம்புலிங்கத்தின் மரம் காய்த்தது. மூன்றாம் வருடம் கொப்பு தாழக் காய்த்தது. ஒரு கூடைப் பழம் என் வீட்டுக்கும் வந்தது. ஆனால் குழுவில் மரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் யாரும் டீச்சரைக் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஷீபா போன் செய்தாள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள், மறுநாள் திரும்ப வேண்டும். "சார், நம்ம பத்திரிகைல அம்மையப் பத்தி நீங்கதான் எழுதணும். அம்மைக்கு உங்க தமிழ் ரொம்ப இஷ்டம்" என்றாள். சரி மகளே என்றேன். "ஒரு காரியம் சார்" என்று இழுத்தாள். "அந்த மாங்கா விசயத்த மட்டும் எழுதாண்டாம். அம்மைக்கு அதுல பெரிய வருத்தம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல்லன்னாலும் தினமும் அந்தக் குரூப்ப எடுத்து எடுத்துப் பாப்பாவ. தப்பு செஞ்சிட்டாவ, ஆனா இனி அத யாரும் சொல்லி நெனவுபடுத்தாண்டாம்."

பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. ஐந்து வருடம், ஒரே மகளிடம், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பெண்ணிடமாவது. "சரி மகளே, எழுத மாட்டேன்" என்றுதான் சொன்னேன். இந்த வயதிலும் திருந்தாத ஜென்மம்.

ஷீபா, உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். உன் அம்மை தப்பு செய்யவில்லை. சுயம்புலிங்கம், உங்கள் மரத்தை வெட்ட வைத்தவன் நான். உங்கள் வீட்டில் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் நின்றவனும் நான்தான். உங்கள் வீட்டம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அச்சாபீஸ்காரரே, உங்கள் மேலும் பழி போட்டேன், டீச்சர் அதை நம்பவில்லை.

திருத்தம். ஐந்து வருடத்துக்கு முன் தை மாத இதழின் 'வீட்டு மரம்' பக்கத்தில், முதல் பூ உதிர்ந்ததும் மாமரத்தைக் கவாத்து செய்ய வேண்டும் என்று வந்தது பிழை. ஞானபாய் டீச்சர் சொன்னது இது: கன்னிப்பூ முடிஞ்ச கையோட மாவுல கத்தி வச்சிரணும், அதுக்குப் பொறவு வெட்டப்பிடாது. அவர் சொன்னது சரி. மாற்றியவன் இந்த இதழின் ஆசிரியன்.

டீச்சரின் நினைவாக என்னிடம் இருக்கப்போவது ஒன்றுதான். படமோ, அவர் எழுதிய தாளோ என்னிடம் இல்லை. ஐந்து வருடம் அவர் தன் பெயரில் வைத்திருந்த என் பிழை இருக்கிறது. அதை வாங்கிக்கொள்கிறேன் டீச்சர். உங்கள் கையில் இருந்து வாங்க வேண்டியதை, நீங்கள் போன பிறகு வாங்குகிறேன்.